லுணுகலை மேல்கணக்குக்கு இரண்டு வண்டிகள்

ஆகஸ்ட் விடுமுறையில் எனக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. லுணுகலைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்கில், அதாவது மேல் பிரிவில் இருக்கும் பள்ளிக்கூடம். பதுளையில் என் வீட்டிலிருந்து லுணுகலை ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். அதுவரை பஸ் உண்டு. அப்புறம் ஆறு கிலோமீட்டர் தோட்டப் பாதை, பஸ் கிடையாது. என் உயரம் ஐந்தடி ஓரங்குலம், மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகி ஏழு மாதம். ஆனாலும் நானே ஓட்டிப் போவது என்று முடிவு செய்துவிட்டேன். எந்த வண்டியில் என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

பெரியப்பா மகன் ஸ்டீபன் அண்ணனும் அண்ணியும் கட்டாருக்குப் போகிறார்கள். வீட்டில் இரண்டு வண்டிகள். நான் பழகியது அண்ணியின் நேக்கட் வண்டியில்: 150 சிசி, 140 கிலோ, எஞ்சினை மூடும் கவசம் எதுவும் இல்லை, இருக்கையில் உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் ஊன்றும். அண்ணனுடையது பெரிய அட்வென்ச்சர் வண்டி: 800 சிசி, 230 கிலோ.

“ரெண்டுல எது வேணுமோ வச்சுக்க. ஆனா பெருசுதான் உனக்கு நல்லது. கல்லு ரோட்டுக்குன்னே செஞ்சது,” என்றார் அண்ணன்.

“ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன் அண்ணே,” என்றேன்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பதுளையிலிருந்து கிளம்பினோம். பசறை வரை நான் சின்ன வண்டியில். ஏற்றங்களில் அடிக்கடி கியர் குறைக்க வேண்டியிருந்தது. பஸ்ஸை முந்தவும் தைரியம் வரவில்லை. ஏழேகாலுக்குப் பசறையில் தேநீர் குடித்துவிட்டு வண்டிகளை மாற்றிக்கொண்டோம். உண்மையைச் சொல்கிறேன், பெரிய வண்டி ஓடத் தொடங்கியதும் அதன் எடை எனக்குத் தெரியவே இல்லை. கச்சான் என்கிற பருவக்காற்று பலமாக வீசியபோதும் நேராகப் போனது. வளைவுகளில் யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போவது மாதிரி இருந்தது. ஆனால் லுணுகலையில் நிறுத்தும்போது கால் எட்டாமல் சாய்ந்தேன். அண்ணன் பிடித்திருக்காவிட்டால் வண்டியோடு விழுந்திருப்பேன்.

அவரவர் வண்டிக்குத் திரும்பித் தோட்டப் பாதையில் ஏறினோம். சல்லிக்கல்லுக்குப் பெரிய வண்டி அஞ்சவில்லை. இரண்டாவது கிலோமீட்டரில் ஒரு மதகு இடிந்து, மேலே இரண்டு பலகை போட்டிருந்தார்கள். அண்ணன் இறங்கிப் பலகையை மிதித்துப் பார்த்தார். “இது தாங்காதும்மா. திரும்பிருவோம்.”

“நான் போயிட்டு வாறேன் அண்ணே. திங்கக்கிழமை நான் போய்த்தானே ஆகணும்?”

அவர் மதகின் ஓரத்தில் இருந்த லயத்தருகே, தொழிலாளர் வீட்டு வரிசைக்குப் பக்கத்தில், நின்றுகொண்டார். சின்ன வண்டியைப் பலகை தாங்கியது. மிச்சம் நாலு கிலோமீட்டரை முதல் கியரிலும் இரண்டாவதிலும் மாறி மாறி ஏறினேன். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

மேல்கணக்குக்குள் நுழையும்போதே மலையிலிருந்து பெண்கள் தலையை மூடிக்கொண்டு ஓடி வந்தார்கள். கொழுந்து பறிக்கும்போது குளவிக்கூடு கலைந்திருக்கிறது. செல்வராணி என்ற அக்காவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். முகம் வீங்கிக் கண் மூடியிருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

“லொறி கொழுந்து ஏத்திக்கிட்டு பெக்டரிக்குப் போயிருச்சுங்க. வர ஒரு மணித்தியாலம் ஆகும்,” என்றார் ஒருவர்.

“என் வண்டியில ஏத்துங்க,” என்றேன். அதுவரை நான் யாரையும் பின்னால் ஏற்றியதில்லை.

பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் தடித்த படங்கு ஒன்றை எடுத்து அக்காவை என் முதுகோடு சேர்த்துக் கட்டினார்கள். இறக்கம் முழுவதும் முதல் கியர். பிரேக்கை விட்டு விட்டுத்தான் பிடித்தேன். அவருடைய தலை என் தோளில் கிடந்தது. மூச்சுச் சத்தம் காதுக்குள் கேட்டது. “அக்கா, பேசுங்க,” என்று கத்திக்கொண்டே வந்தேன். முதலில் “ம்” என்றார். அப்புறம் அதுவும் இல்லை. அழுகை வந்தது, அழுதால் பாதை தெரியாது என்று அடக்கிக்கொண்டேன்.

இரண்டு பேர் பாரத்தைப் பலகை தாங்குமோ என்று மதகுக்கு மேல் பக்கமே நிறுத்தினேன். அண்ணனும் லயத்து ஆள் ஒருவரும் அக்காவைத் தூக்கிக்கொண்டு பலகையைக் கடந்தார்கள். பெரிய வண்டியின் அகலமான இருக்கையில் அவரை நடுவில் உட்கார வைத்து, லயத்துப் பெண் ஒருவர் பின்னாலிருந்து இறுக அணைத்துக்கொண்டார். மூன்று பேர் போவது சட்டப்படி தப்பு, தெரியும். அண்ணன் ஓட்ட, ஆறு நிமிடத்தில் லுணுகலை ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஊசி போட்டு, ஒக்சிசன் வைத்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டொக்டர்.

மத்தியானம் செல்வராணி அக்காவுக்கு ஒரு கண் திறந்தது. நான் யாரென்று சொன்னார்கள்.

“புது டீச்சரா? எங்க ரோட்டப் பாத்துட்டீங்கல்ல. இனி வருவீங்களா?”

“திங்கக்கிழமை வாறேங்க.”

அண்ணியின் வண்டியை எடுத்துக்கொண்டேன். வேறொருவருக்கு வேறு பதில் இருக்கலாம். பெரகல, வெலிமடை என்று தார் வீதியில் நாள் முழுக்கச் சுற்ற, காலும் எட்டும் என்றால், பெரியதே சுகம். லீற்றருக்கு இருபது கிலோமீட்டர்தான் ஓடும். சின்னது நாற்பத்தைந்து ஓடியது. தோட்டப் பாதைக்குள் போகிறவர்கள், வண்டி விழுந்தால் தனியாக நிமிர்த்த முடியுமா என்பதை வீட்டு முற்றத்திலேயே சோதித்துப் பாருங்கள். லுணுகலையில் பெற்றோல் நிரப்பிக்கொள்ளுங்கள். காற்றுக் காலத்தில் குளவிக்கூடு இருக்கும் மரங்களைத் தொழிலாளர்களிடம் கேளுங்கள், காட்டித் தருவார்கள். பின்னால் ஆள் ஏற்றி ஓட்ட முன்கூட்டியே பழகுங்கள்; நான் பழகாமல் போனேன்.

திங்கட்கிழமை ஏழு இருபதுக்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டேன்.