புள்ளிக்குப் பின்னால் ஓர் எழுத்து

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். விளக்கி விளக்கி அலுத்துப்போய்விட்டது. ஒருமுறை டீக்கடையில் ஒரு பெரியவர் விடாப்பிடியாகக் கேட்டார். "ஒரு ஃபைலோட பேரைப் பாத்து, அது போட்டோவா, பாட்டா, கடுதாசியான்னு சொல்ற புரோகிராமைப் பாத்துக்கறேன் ஐயா" என்றேன். அவர் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இதுக்கா சம்பளம் குடுக்குறான்?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்கே பல நாள் அப்படித்தான் தோன்றும்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கம்பெனி சென்னையில். வீட்டு முன்னறையில் ஒரு மேசை, கரகரவென்று சத்தம் போடும் ஒரு ஃபேன், நான். நான் பார்த்துக்கொள்ளும் அந்த நிரல் தொகுப்புக்கு எங்கள் பாஷையில் லைப்ரரி என்று பேர். அதில் ஒரு புத்தகமும் கிடையாது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தங்கள் இணையதளத்தில் பொருத்திக்கொள்ளலாம். எத்தனை பேர் பொருத்தியிருக்கிறார்கள் என்று எங்களுக்கே தெரியாது. ஏதாவது உடைந்தால் மட்டும் வந்து திட்டுவார்கள்.

அது வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. ஃபைல் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ, அதுதான் அந்த ஃபைலின் ஜாதி. நீளமான ஓர் அட்டவணை இருக்கிறது. ஜேபிஜி என்றால் படம். பிடிஎஃப் என்றால் ஆவணம். சி என்று ஒற்றை ஆங்கில எழுத்து இருந்தால் யாரோ புரோகிராமர் எழுதிய நிரல். அட்டவணையில் உள்ள பெயர் என்றால் அதை நம்பிவிடும், ஃபைலைத் திறந்தே பார்க்காது. அட்டவணையில் இல்லாத பெயர், அல்லது புள்ளியே இல்லாத பெயர் என்றால்தான் வேறு வழியில்லாமல் திறந்து உள்ளே பார்த்துச் சொல்லும். இந்த விதியை நான் எழுதவில்லை. நான் வருவதற்கு முன்பே இருந்தது. மாற்றலாம் என்று கம்பெனிக்குப் பலமுறை எழுதிப்போட்டேன். திறந்து பார்த்தால் வேகம் குறையும் என்று ஒரே பதில். அப்புறம் அதுவும் இல்லை, கிணற்றில் போட்ட கல்தான்.

எங்களுடையது பண்ணை வேலை பார்த்த குடும்பம். தாத்தா அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர். இப்போது அண்ணன் சொந்த வயலில் சம்பா போடுகிறார். ஆனாலும் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் பேரைக் கேட்பார்கள், ஊரைக் கேட்பார்கள், பிறகு குரலை இறக்கி "ஊர்ல எந்தத் தெரு?" என்பார்கள். தெருவைச் சொன்னதும் போதும், அதற்கு மேல் நம்மைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்காது. அதனாலோ என்னவோ, அந்த விதியைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணி நர்ஸ். கும்பகோணத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வருஷக்கணக்காக வேலை பார்த்தும் நிரந்தரம் கிடையாது. லீவு கேட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். கல்யாணமாகி வந்த நாளாக அவர் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து போய் நான் பார்த்ததில்லை, எப்போதும் நின்றுகொண்டுதான். தஞ்சாவூரில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. வயது வரம்பு போட்டிருந்தார்கள். அடுத்த தடவை எடுக்கும்போது அண்ணி அந்த வரம்பைத் தாண்டியிருப்பார். இதை விட்டால் அவ்வளவுதான், காலம் முழுக்க அந்த நர்சிங் ஹோம்தான்.

இணையதளத்தில் விண்ணப்பிக்கக் கடைசித் தேதியன்று ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் வயலில் தண்ணீர் வடிய வரப்பை வெட்டிவிடப் போயிருந்தார். மத்தியானம் அண்ணி போனைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, கொஞ்சம் இதைப் பாருங்களேன். மத்த சர்டிபிகேட்டெல்லாம் ஏறிடுச்சு. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் மட்டும் ஏற மாட்டேங்குது."

திரையில் 'இந்த வகைக் கோப்பு ஏற்கப்படாது' என்று சிவப்பில் இருந்தது. காலையிலேயே கும்பகோணம் போய் நெட் சென்டரில் மறுபடி ஸ்கேன் எடுத்து வந்திருக்கிறார். அப்படியும் அதே சிவப்பு. அண்ணன் வயலிலிருந்தே நெட் சென்டர்காரருக்குப் போன் போட்டுக் கத்தியிருக்கிறார். "எவனோ வேணும்னே நம்மளத் தள்ளிவிடுறான்" என்பது அவர் முடிவு. எங்கள் வீட்டில் எது நடக்காமல் போனாலும் முதலில் அந்தச் சந்தேகம்தான் வரும். பாதி நேரம் அது சரியாகவும் இருந்திருக்கிறது.

ஃபைல் பெயரைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அழகாக அண்ணியின் பெயர், ஒரு புள்ளி, ஒரு சி. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

"இந்தப் பேரு யாரு வச்சது அண்ணி?"

"நான்தான். நெட் சென்டர்லேருந்து வந்தப்ப ஏதோ நம்பரா இருந்துச்சு. எல்லாத்தையும் அழிச்சுட்டு ஒழுங்கா பேரும் இனிஷியலும் போட்டேன். ஏன், தப்பா?"

தப்பே இல்லை. வார்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் படுத்திருப்பார்கள். இனிஷியலைப் பார்க்காமல் ஊசி போட்டால் உயிர் போய்விடும். அதனால் இனிஷியல் இல்லாமல் அண்ணி எந்தப் பெயரையும் எழுதமாட்டார், பால் கார்டில்கூட. படிப்புச் சான்றிதழ்கள் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியவை. அவற்றுக்கு அப்பா இனிஷியல், கே என்று போட்டிருந்தார். எங்கள் அட்டவணையில் கே இல்லை. ஆகவே திறந்து பார்த்து, ஆவணம்தான் என்று விட்டுவிட்டது. அனுபவச் சான்றிதழ் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. அதற்கு அண்ணன் இனிஷியல், சி. அது அட்டவணையில் இருக்கிறது. ஆஸ்பத்திரியின் இணையதளம் நான் பார்த்துக்கொள்ளும் சனியனைத்தான் பொருத்தி வைத்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அண்ணி பட்ட பாடு முழுவதையும் அது யாரோ எழுதிய நிரல் என்று ஒதுக்கிவிட்டது.

சொன்னேன். அண்ணி நம்பவில்லை.

"உள்ள என்ன இருக்குன்னு பாக்கவே பாக்காதா தம்பி?"

"தெரிஞ்ச பேரா இருந்தா பாக்காது அண்ணி."

"தெரியாத பேரா இருந்தா?"

"தொறந்து பாக்கும்."

"நல்லா இருக்கு நியாயம்! நம்ம ஊர்க்காரன்தான் எழுதியிருப்பான்" என்றார். சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கத் தெம்பில்லை இரண்டு பேருக்கும்.

"புள்ளியையும் அந்த எழுத்தையும் எடுத்துட்டு வெறும் பேரு மட்டும் போடுங்க."

அவர் உடனே அழிக்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்பா எழுத்தும் வேணாம், உங்க அண்ணன் எழுத்தும் வேணாம். வெறும் என் பேரா?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார். அப்புறம் அழித்தார். டவர் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. சுற்றியது, சுற்றியது, கடைசியில் பச்சையில் 'ஏற்கப்பட்டது' என்று வந்தது. அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மழையில் நனைந்து வந்த அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன்டா, என் எழுத்து மட்டும் என்னடா பாவம் பண்ணுச்சு?" என்றார். அவருக்கு விளக்க எனக்குச் சக்தியில்லை. சாப்பிடச் சொன்னேன்.

அன்று சாயங்காலமே கம்பெனிக்கு மறுபடி எழுதினேன். ஒற்றை எழுத்தாக இருந்தால் மட்டுமாவது திறந்து பார்க்கட்டும் என்று திருத்தமும் செய்து, ஏன் என்று விளக்கமும் சேர்த்து அனுப்பினேன். 'எத்தனை பேர் இப்படிப் பெயர் வைப்பார்கள்?' என்று கேட்பார்கள், 'ஒரு மாநிலமே வைக்கும்' என்று சொல்லவேண்டும் என்று தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை. நான் கொடுத்திருந்த தலைப்பை மட்டும் பார்த்தார்கள், பழைய விஷயம் என்று மூடிவிட்டார்கள். "உள்ள படிக்கவே இல்லையா?" என்றார் அண்ணி. இல்லை என்றேன். போங்கடா என்று லேப்டாப்பை மூடிவைத்தேன்.

சில வாரம் கழித்து அண்ணியை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். அன்றைக்கு வேலையே ஓடவில்லை. போன் அடித்ததும் எடுத்தேன்.

"பேரைக் கேட்டாங்க, ஊரைக் கேட்டாங்க" என்றார் அண்ணி. பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் கத்திப் பேசினார். "அப்பறம் அதேதான் தம்பி. எந்தத் தெருன்னாரு ஒருத்தர்."

"என்ன சொன்னீங்க?"

"தெருவை அப்பறம் சொல்றேன் சார், மொதல்ல வார்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, நரம்பே கெடைக்காத பேஷண்ட் யாராவது இருந்தா காட்டுங்கன்னேன்."

"ஐயோ அண்ணி! அப்பறம்?"

"கூடவே பெரிய டாக்டரம்மா இருந்தாங்க. எந்திரிச்சு கூட்டிட்டுப் போனாங்க. நான் நரம்பு புடிச்சு ஊசி ஏத்துனதைப் பாத்தாங்க. ஒண்ணாந்தேதி சேரச் சொல்லிட்டாங்க."

அவர் சொல்வது இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்று எழுந்து ஃபேனை நிறுத்தினேன்.

"சட்டையில குத்துற பேர் அட்டைக்கு எப்படிப் போடணும்னு கேட்டாங்க தம்பி."

"வெறும் பேரா?"

"அதெப்படி? எங்கிட்ட வர்ற நோயாளிக்கு நான் யாருன்னு சரியா தெரிய வேணாமா? புள்ளி வச்சு, இனிஷியலோடதான் போடச் சொல்லியிருக்கேன். உங்க கம்பெனிக்காரங்களை ஒழுங்கா தொறந்து பாக்கச் சொல்லுங்க."

பஸ் வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டார். நான் லேப்டாப்பைத் திறந்து, மூடிக்கிடந்த அந்தத் திருத்தத்தை எடுத்துத் தலைப்பை முழுக்க அழித்தேன். அந்த இடத்தில் அண்ணியின் பெயரை மட்டும் போட்டு மறுபடி அனுப்பினேன். இது என்ன என்று யாருக்கும் புரியவில்லை போலிருக்கிறது. திறந்து பார்த்தார்கள்.