சவுக்கார நுரையும் மாப்பிள்ளை அறையும்

எங்கள் வீட்டு ஏசி பழுதாகிவிட்டது என்று முதலில் அறிவித்தது கருவாடுதான். அறைக்குள் இருந்த எங்களுக்கு அதற்குப் பிறகுதான் வியர்த்தது.

நாட்டில் சண்டை முடிந்து சில காலம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அவருக்கென்று ஓர் அறை ஒதுக்கி, கட்டில், அலுமாரி எல்லாம் போட்டு வைக்க வேண்டும். நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் அக்காவுக்குக் கலியாணம் பேசி முடித்ததும், கட்டாரில் வேலை செய்த மாமா லீவில் வந்து அந்த அறைக்கு ஓர் ஏசி பூட்டிக் கொடுத்தார். அடுத்த லீவில் கலியாணம் என்று முடிவாயிற்று. எங்கள் ஊர் பாலாவியில், எங்கள் ஒழுங்கையில் இருந்த வீடுகளுக்குள் அதுதான் முதல் ஏசி. மாப்பிள்ளை வரும்வரை நானும் ராத்தாவும் அந்த அறையில் படுத்து, கொளுத்தும் வெயில் காலத்தில் போர்வைக்குச் சண்டை பிடித்தோம்.

ஏசியின் வெளிப்பெட்டி வீட்டின் பின்சுவரில் இருந்தது. அறையின் சூட்டையெல்லாம் அது வெளியே ஊதித் தள்ளும். அந்தச் சூட்டுக் காற்றை வீணாக விட உம்மாவுக்கு மனம் வரவில்லை. சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு வந்த நாளிலிருந்து கருவாடு போட்டுக் குடும்பத்துக்குக் கைகொடுத்தவர் அவர். பெட்டிக்கும் குழாய்க்கும் மேலே கொடி கட்டி, உப்பில் ஊறிய மீனைச் சொட்டச் சொட்டப் பெட்டியின் முகத்துக்கு நேரே தொங்கவிட்டார். மீன் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் காய்ந்தது. மச்சான் இதை மாப்பிள்ளைக்கு வாங்கினாரா, மீனுக்கு வாங்கினாரா என்று வாப்பா கேட்டார். இரண்டு பேருக்கும்தான் என்றார் உம்மா.

ஒருநாள் மீன் காயவில்லை. உம்மா பெட்டியின் முன்னால் கையை நீட்டிப் பார்த்தார். காற்று வந்தது, சூடு இல்லை. அறைக்குள் ஓடினார், அங்கே குளிரும் இல்லை. வெளியே மெல்லிய குழாயில் வெள்ளையாக ஐஸ் படிந்திருந்தது. குழாயே உறையும் அளவுக்கு எங்கள் ஏசி குளிர்கிறது என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்தேன். ஏசி திருத்தும் பாஸ், எங்கள் ஊரில் கைவேலைக்காரரை அப்படித்தான் சொல்வோம், வந்து அந்த ஐஸைப் பார்த்ததுமே காஸ் குறைந்துவிட்டது என்றார். காஸ் அடித்தார், குளிர்ந்தது, போனார். சில மாதத்தில் மறுபடியும் அதே கதை. உப்பு லொறி ஓட்டும் வாப்பாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. லொறிக்கு டீசல் முடிகிறது, குசினியில் சிலிண்டர் முடிகிறது, ஏசிக்கும் முடியும்தானே என்றார்.

கலியாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மீன் மூன்றாம் முறையும் காயாமல் கிடந்தது. அதற்குள் மாப்பிள்ளையின் உம்மா சொன்ன ஒரு வார்த்தை ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பேருக்கு ஒரு பெட்டியைச் சுவரில் பூட்டி வைத்திருக்கிறார்களாம், குளிரே இல்லையாம். ராத்தா சாப்பிடாமல் அழுதாள். உம்மா அழவில்லை. அவருக்கு வந்தது கோபம்.

பாஸ் மறுபடியும் சிலிண்டரோடு வந்தபோது உம்மா வாசலிலேயே மறித்தார்.

“தம்பி, பிரிட்ஜும் ஏசியும் உள்ளுக்கு ஒரே சாமான்தான்னு போன முற சொன்னீங்கதானே?”

“ஓம், ரெண்டும் ஒன்டுதான்.”

“எங்கட பிரிட்ஜ் இந்தச் சின்னவள் பொறக்க முந்தி வாங்கின. அதுக்கு ஒருநாளும் ஆரும் காஸ் அடிக்கல்ல. அப்ப இதுட காஸ் மட்டும் எங்க போகுது?”

பாஸ் பிடரியைச் சொறிந்தார். கெட்ட மனிதர் இல்லை. காஸ் அடித்துவிட்டுப் போவதையே எல்லோரும் கேட்டார்கள், அவரும் அதையே செய்தார். எங்காவது ஒழுகினால்தான் குறையும், மற்றபடி அது உள்ளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும் என்று மெதுவாக ஒப்புக்கொண்டார். அப்படியென்றால் ஒழுகும் இடத்தைக் காட்டிவிட்டு காஸ் அடியுங்கள் என்றார் உம்மா.

சோதிப்பதற்காகக் கொஞ்சம் காஸை உள்ளே விட்டார் பாஸ். உம்மா குசினியில் சவுக்காரத் தூளைக் கரைத்து, நுரை பொங்க அடித்துக்கொண்டு வந்து, பழைய பல்துலக்கும் பிரஷால் குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் பூசினார். முதல் மூட்டில் ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. தடித்த குழாய் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு சின்னக் குமிழி எழும்பியது. கடலையளவு பெருத்து வெடித்தது. அதே இடத்தில் இன்னொன்று வந்தது.

“இந்தா போகுது உங்கட காஸ்,” என்றார் உம்மா. ராத்தா அழுத கண்ணோடு சிரித்தாள். எனக்குக் கைதட்டத் தோன்றியது, தட்டினேன்.

பாஸ் அந்த நட்டைக் கழற்றினார். உள்ளே செம்பு பச்சை பூத்து அரித்திருந்தது. அரித்த துண்டை வெட்டி, குழாயின் நுனியைப் புதிதாக விரித்து நட்டை முடுக்கினார். மறுபடி கொஞ்சம் காஸ் விட்டு நுரை பூசியபோது ஒரு குமிழிகூட எழும்பவில்லை. பிறகு உள்ளிருந்த காற்றை மெசினால் உறிஞ்சி எடுத்துவிட்டு, காஸைத் தராசில் நிறுத்து அடித்தார். “செம்ப உப்புக் காத்து தின்டிரிக்கி,” என்றார். வாப்பா அந்தப் பச்சையை விரலில் தேய்த்துப் பார்த்தார். ஒருமுறை தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். பிறகு, “ஓம், கடல் காத்துதான்,” என்றார்.

கலியாணத்தன்று மாப்பிள்ளையின் உம்மா அறைக்குள் வந்து கட்டிலில் அமர்ந்தார். சற்று நேரத்தில் முக்காட்டை இழுத்துத் தோளை மூடினார். பிறகு கைகளைத் தேய்த்தார். கடைசியில், குளிரைக் கொஞ்சம் குறைக்க ஏலாதா என்று அவரே வாய்விட்டுக் கேட்டார். உம்மா ரிமோட்டைத் தேடினார், தேடினார், கிடைக்கவே இல்லை. அது அவர் இடுப்பில் செருகியிருந்தது எனக்குத் தெரியும். அன்றைக்கு உம்மாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்குமுன் நான் கண்டதில்லை.

கலியாணக் களைப்புத் தீர்ந்ததும் வாப்பா மீன் கொடியை அவிழ்த்து முற்றத்தின் அடுத்த மூலையில் கட்டினார். வேலை முடிந்து வந்து லொறியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுவது போல, ஏசிக் குழாயையும் கழுவிக் கிரீஸ் பூசினார். கொடியை ஏன் மாற்றினீர்கள் என்று உம்மா கேட்டதற்கு, மருமகன் இருக்கும் அறைக்குக் கருவாட்டு வாடை கூடாது என்றார். நானும் அதை நம்பினேன்.

காலம் போய் என் சொந்த வீட்டில் ஏசி பூட்ட வந்தவர், இந்தக் குழாய்க்கு மேலே உப்புத் தண்ணீர் எதுவும் சொட்டாதுதானே என்று கேட்டபோதுதான், வாப்பா அன்று மேலே எதைப் பார்த்தார், கொடியை ஏன் மாற்றினார் என்பது எனக்கு விளங்கியது.

உம்மா இப்போதும் வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்கிறார். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருக்கும் வாப்பா, அவர் எதையாவது விட்டுவிட்டால், “அந்த நொர வந்தத சொல்லுங்க,” என்று எடுத்துக் கொடுக்கிறார்.