வேறு கை படாத கல்யாணப் புடவை

நெருக்கடி நிலைக் காலத்தில் என் வீட்டுக்காரரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. நெசவாளர் சங்கக் கூட்டத்தில் நாலு வார்த்தை காரமாகப் பேசியிருந்தார். வீட்டைக் குடைந்தபோது பட்டுக்குச் சாயம் போட வைத்திருந்த அமிலக் குப்பி அகப்பட்டது. வெடிகுண்டுச் சரக்கு என்று சொல்லிவிட்டார்கள். வழக்கில்லை, விசாரணையில்லை, நேரே ஜெயில்.

அந்த வாரமே எங்கள் எம்.பி. தேரடியில் பேசினார். நெற்றி நிறைய விபூதி, வெள்ளை வேட்டி, கை சுத்தமான மனிதர் என்று பெயர். "சாட்சி, கோர்ட்டு என்று பார்த்துக்கொண்டிருந்தால் தீவிரவாதி குண்டு வைத்துவிட்டுப் போய்விடுவான். சந்தேகம் வந்தால் உள்ளே வைக்கத்தான் வேண்டும். குற்றமில்லாத ஒருவன் ஒரு வருஷம் உள்ளே இருந்தால் குடி முழுகிப் போகாது" என்றார். கூட்டம் கை தட்டியது. நான் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

அவருக்குத் தெரியாத ஒன்று எங்கள் தறியில் இருந்தது. கடைக்காரர் மூலம் எங்களுக்கு வந்த, அவர் மகளுக்கான முகூர்த்தப் புடவை. அரக்கு உடல், மயில் கழுத்துக் கரை. உடல் முடிந்து முந்தி மட்டும் பாக்கி. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் உட்கார வேண்டும். என் வீட்டுக்காரர் நெய்வார், நான் பக்கத்தில் இருந்து கரை நாடாவை வாங்கித் தள்ளுவேன். கல்யாணப் புடவையை எந்த ஜோடி ஆரம்பித்ததோ அதே ஜோடிதான் முடிக்கும். நடுவில் வேறு கை படக்கூடாது. எங்கள் தெருவில் யாரும் அதை மீறியதில்லை.

முகூர்த்தம் நெருங்கியும் புடவை வராததால், கடையில் விசாரித்துக்கொண்டு எம்.பி.யே வந்தார். தறியில் நின்றுபோன புடவையைப் பார்த்தார்.

"வேற ஆளை உக்கார வச்சு முடிச்சுக் குடும்மா."

"வேற கை படக்கூடாதுய்யா. அவர அனுப்புங்க, ஒக்காந்து முடிச்சுத் தரோம்."

"அது தேசப் பாதுகாப்பும்மா. என் வீட்டு விசேஷத்துக்காக அதை வளைக்க முடியாது."

கொள்கைக்காரர்தான். பொய்யனாக இருந்திருந்தால் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. என் புருஷன் ஜெயிலில் கிடக்க, இவர் நேர்மையை என் வீட்டிலேயே வந்து காட்டுகிறார்.

"அப்ப பொடவ இல்லாமயே நடத்துங்க. ஒண்ணும் குடி முழுவிப் போவாதுய்யா" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. அன்று ராத்திரி நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

கல்யாணம் வேறு புடவையில் நடந்தது; கடைக்காரர் விலையைக் கூலியில் கழித்துக்கொண்டு இதை எங்களிடமே விட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால் விடுதலையாகி வந்தார். வலது கை நடுங்கிக்கொண்டே இருந்தது, ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். முந்தியை அவர்தான் நெய்தார். இழை ஓரிடத்தில் நெருங்கி, ஓரிடத்தில் விலகி, கோணலாக வந்தது. பிரித்துவிடலாம் என்றார். நான் விடவில்லை.

ஓட்டுப்போடும் நாளில் அதைக் கட்டிக்கொண்டு போனேன். சாவடிக்கு வெளியே கும்பிட்டுக்கொண்டு நின்ற எம்.பி.க்குப் புடவை அடையாளம் தெரிந்துவிட்டது.

"முந்தியப் பாருங்கய்யா. நீங்க உள்ள வச்சிருந்த கை நெய்ஞ்சது" என்று விரித்துக் காட்டினேன்.

கும்பிட்ட கை அப்படியே நின்றது.

அவர்தான் ஜெயித்தார். அதன் பிறகு அவர் நின்ற ஒவ்வொரு தேர்தலிலும் அதே புடவையைக் கட்டிக்கொண்டு, வெயிலானாலும் மழையானாலும், சாவடி வாசலில் அவர் எதிரே போய் நின்றேன்.