எல்லோருக்கும் கடைசிப் பெயர் கட்டாயம்

கண்டியில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு நாங்கள் செய்துகொடுத்த மென்பொருளை நினைத்தால் இன்னமும் எனக்குக் காதுமடல் சுடுகிறது.

எங்கள் வேலையில் அட்டவணைகளை யாரும் கையால் கட்டுவதில்லை. நோயாளி என்றால் பெயர், வயது, தொலைபேசி என்று நிரலில் எழுதினால் போதும். தரவுத்தளத்தை எப்படி மாற்றுவது என்ற கட்டளைகளை, அதைப் பார்த்து ஒரு கருவி தானே எழுதிவிடும். மைகிரேஷன் என்போம். நல்ல பிள்ளைதான், ஆனால் நாம் மனதில் நினைத்தது அதற்குத் தெரியாது. எழுதியதை ஒரு தரம் வாசித்துவிட்டுத்தான் ஓடவிட வேண்டும்.

கொழும்பில் இருக்கும் எங்கள் தலைவர் வாசிக்கவில்லை. அட்டவணையில் 'பெயர்' என்ற ஒரே கொலத்தை, அதாவது பத்தியை, எடுத்துவிட்டு 'முதற்பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டை வைத்தார். இரண்டாவதைக் கட்டாயமாக்கினார். பழையதில் இருப்பதைப் புதியதற்குக் கொண்டுபோ என்று கருவிக்கு யார் சொன்னது? அது பழையதை அழித்தது, இரண்டு வெறுங்கொலங்களைக் கட்டியது. தரவு அழியலாம் என்று எச்சரிக்கவும் செய்தது. அவருடைய கணினியில் இருந்த பரீட்சார்த்த அட்டவணையில் ஆட்களே இல்லாததால் அங்கே ஒன்றும் கெடவில்லை. போதாக்குறைக்கு, மென்பொருளைத் திறந்ததுமே மைகிரேஷன் தானாக ஓடும்படி ஒரு வரி வேறு போட்டிருந்தார். காலையில் நிலையத்தில் கணினியைப் போட்டார்கள். அவ்வளவுதான்.

கவுண்டரில் வேலை செய்யும் அலவத்துகொட ஊர்த் தங்கச்சி எனக்கு அழைத்தாள். "அண்ணன், பேரெல்லாம் களவு போயிட்டு. நம்பர் மட்டும் நிக்குது. ஓடி வாங்க."

போய்ச் சேர்ந்தபோது முன் கதிரையில் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருவர் இருந்தார். அவருடைய கணவர் கண்டி ஆஸ்பத்திரியில். முதல் நாள் கொடுத்த கணவருடைய இரத்தத்தின் ரிப்போட்டுக்காக அக்கா வந்திருந்தார். பெயரில்லாமல் அது அச்சாகாது.

"ரிப்போட்ட பாக்காம கத்தி வைக்க மாட்டேன்னுட்டாரு டாக்டரு. பன்னண்டு மணிக்குள்ள கொண்டாரச் சொன்னாரு. வயித்துல நெருப்ப கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கேன் தம்பி."

வேறொரு நாளென்றால் இப்படிப் பேசுகிற ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பேன். அன்று நேரே கணினி முன்னால் போய் உட்கார்ந்தேன்.

முந்தைய இரவு எடுத்துவைத்த பேக்கப் பிரதி இருந்தது. அதைத் திருப்பிப் போட்டு, மைகிரேஷனைக் கையால் திருத்த வேண்டும்: முதலில் புதிய கொலங்கள், பிறகு பெயர்களை அங்கே மாற்றுவது, கடைசியில்தான் பழையதை எடுப்பது. ஆனால் அந்தக் கட்டாயக் கடைசிப் பெயருக்குள் எதைப் போடுவது? தலைவருக்கு அழைத்தேன்.

"இடைவெளியில வெட்டுங்கோ," என்றார். "முன்னுக்கு இருக்கிறது முதற்பெயர், பின்னுக்கு இருக்கிறது கடைசிப் பெயர்."

"முன்னுக்கு இருக்கிறது அப்பா பேரு சார். அப்பனைக் கூப்பிட்டா மகன் எந்திரிப்பானா? தோட்டத்து ஆளுங்க பாதிப் பேருக்கு ஒத்தைப் பேருதான், அதை எங்க வெட்டுறது?"

"உங்கட ஆக்கள் பெயரை ஒழுங்கா வைச்சிருக்கலாமே."

நான் மலையகத்தான், அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கும் அப்பா பெயர் முன்னால்தான்.

"உங்க பேருல எது சார் கடைசிப் பேரு?"

"நான் பாஸ்போட்டில மாத்திட்டன்."

"யாரை, அப்பாவையா?"

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கடைசிப் பெயர் இல்லாதவைக்கு ஒரு புள்ளியைப் போட்டு விடுங்கோ," என்று சொல்லிவிட்டுத் தலைவர் போனை வைத்துவிட்டார்.

புள்ளியாம்! கத்திக்குப் போகிற மனிதனுக்குப் பெயருக்குப் பதில் புள்ளி. கட்டாயத்தைத் தூக்கி எறிந்தேன். முழுப் பெயரையும் அப்படியே முதல் கொலத்தில் போட்டு, மற்றதை வெறுமையாய் விட்டேன். ஒரு பிரதியில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் உண்மையானதில் ஓட்டினேன். பெயர்கள் வந்தன. ஆனால் அந்தக் கிழட்டுக் கணினி பேக்கப்பை விழுங்கி முடிப்பதற்குள் பன்னிரண்டு தாண்டிவிட்டது.

ரிப்போட்டோடு அந்த அக்காவைத் திரீவீலரில் ஏற்றிக்கொண்டு போனேன். வாவியோரம் வாகனங்கள் அசையவில்லை. வார்டுக்குப் போனபோது டாக்டர் புறப்பட்டுவிட்டிருந்தார். அவர் இனி வருவது ஏழு நாள் கழித்து, அடுத்த கிழமைதான் என்றார் தாதி.

"நீங்க என்ன செய்வீங்க தம்பி. நீங்களா அழிச்சீங்க?" என்று அந்த அக்கா என்னைத் தேற்றினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாக, மைகிரேஷனைத் தானாக ஓடவிடும் அந்த வரியை அழித்தேன். சாயங்காலம் கொழும்பிலிருந்து அழைப்பு.

"ஆரைக் கேட்டு எடுத்தனீங்கள்?"

"ஆஸ்பத்திரியில ஒருத்தர் படுத்திருக்கார் சார். போய் அவரைக் கேளுங்க."

ஒரு கிழமை வலியோடு கிடந்த பிறகுதான் அந்த மனிதருக்குக் கத்தி வைத்தார்கள். கொழும்பிலிருந்து அதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு 'சொறி'கூட வரவில்லை.