வள்ளித்தாய் வாயில் வராத சொல்

வள்ளித்தாய்க்கு வாயில் வராத சொல் ஒன்றே ஒன்றுதான். அது ‘நீர்’. குடிக்கிற நீர் இல்லை. கடவுளைப் பார்த்துச் சொல்ல வேண்டிய நீர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில், தென்காசியில் மிஷன் நடத்திய பெண்கள் பயிற்சி வீட்டில் பதினோரு பேர் படித்தார்கள். அவர்களில் அவளும் ஒருத்தி. ஞானஸ்நானத்தில் லேயாள் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். வயசு முப்பத்துநாலு, புருஷன் இல்லை, ஒரே மகள் மிஷன் விடுதியில் நாலாம் வகுப்பு. வருஷக் கடைசிப் பரீட்சையில் தேறினால் வீடு வீடாகப் போய் வேதம் சொல்லும் ‘பைபிள் அம்மாள்’ வேலை. தேறாவிட்டால் பழையபடி நாற்று நடவு. படிக்கிற பிள்ளையும் தாயோடு சேற்றில் இறங்க வேண்டியதுதான்.

விடியற்காலை ஐந்துக்கு மணி அடிக்கும். முற்றம் பெருக்கி, சிற்றாற்றில் துணி அலசி, முறை வருகிறவள் ஆட்டுரலில் மாவாட்டி, ஏழு மணிக்கு ஜெபம். பிறகு வேதபாடம், கீர்த்தனை, சிலேட்டில் எழுத்து. புதன்கிழமைகளில் இரண்டிரண்டு பேராக வேதக்கதைப் படச்சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இலஞ்சி, மேலகரம் என்று தெருத்தெருவாகப் போவார்கள். சாரல் பிடித்துக்கொண்டால் படத்துக்கு முந்தானையைப் போர்த்திவிட்டுத் தாங்கள் நனைந்துகொண்டு வருவார்கள். எழுத்தில் வள்ளித்தாய் மெதுவுதான். ஆனால் கதை சொல்ல உட்கார்ந்தாளோ, அரிசி புடைக்கிற பெண்கள் சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

சாயங்காலம்தான் வம்பு. ஆளுக்கொரு நாள் சொந்த வார்த்தையில் ஜெபம் பண்ண வேண்டும். மனப்பாட ஜெபமெல்லாம் அவளுக்குத் தடையில்லாமல் வரும். அது யாரோ எழுதிக் கொடுத்தது. சொந்த ஜெபமென்றால், “அப்பா, நீங்க…” என்று தொடங்குவாள். ஆசிரியை எஸ்தர் பாளையங்கோட்டையில் படித்து வந்த இருபத்திரண்டு வயசுப் பெண். கண்ணைத் திறந்து, “நீங்க இல்லக்கா, நீர்” என்பாள். வள்ளித்தாய் வாயை மூடிக்கொள்வாள். அதோடு ஜெபம் முடிந்தது. மற்றவர்கள் முந்தானைக்குள் சிரிப்பார்கள்.

மிஸ்ஸியம்மாவுக்கு இந்தக் கஷ்டமே கிடையாது. பயிற்சி வீட்டை நடத்துகிற, வேதப் புத்தகத்தை வைத்தே தமிழ் கற்றுக்கொண்ட வெள்ளைக்கார அம்மாள். பால்காரனையும் நீர் என்பார், அவன் மாட்டையும் நீர் என்பார். ஊர்ப்பேச்சில் பாதி அவர் காதில் ஏறாது. பரீட்சையில் ஜெபம் கேட்டு மார்க்குப் போடப்போவது அவர்தான். மரியாதையாகக் கடவுளை நீர் என்று அழைக்கத் தெரியாதவளை வேலைக்கு அனுப்ப முடியாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்.

பரீட்சைக்கு முதல் நாள் ஆற்றங்கரையில் எஸ்தர் கெஞ்சாத குறையாகக் கேட்டாள், ஒரு சொல்தானே, எது தடுக்கிறது என்று. வள்ளித்தாய் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். பண்ணையார் ஒருவர் மடையை அடைத்துவிட்டார். பயிர் வாடுகிறதே என்று கேட்கப் போனான் அவள் புருஷன் மாடன். கோபத்தில் ‘நீங்க’ என்பது ‘நீரு’ ஆகிவிட்டது. அவர்கள் ஊரில் அது சரிசமமானவனிடம் பேசுகிற பேச்சு.

“‘யாரப் பாத்துலே நீருன்னு சொல்லுத’ன்னு கேட்டுக் கேட்டே அடிச்சாங்க, டீச்சர். மூணு மாசம் கெடந்தாரு. அம்புட்டுத்தான்.”

பாவம், எஸ்தர் படித்த இலக்கணத்தில் இது இல்லை.

மறுநாள் கூடத்தில் மிஸ்ஸியம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், எஸ்தர் பக்கத்தில் நின்றாள். வள்ளித்தாய் முழங்கால் போட்டாள். வெகுநேரம் சத்தமே இல்லை. மிஸ்ஸியம்மா பென்சிலை எடுத்தார். அந்தப் பென்சிலைப் பார்த்ததும் வள்ளித்தாய்க்கு மகளின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையை நிமிர்த்தினாள்.

“நீரு பெரியவருன்னு சொல்லுதாங்க. எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருக்கீருன்னு சொல்லுதாங்க. அந்த மனுசன மடையில போட்டு அடிச்சாங்களே, அன்னைக்கி நீரு எங்கன இருந்தீரு?”

எஸ்தர் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பதிலுக்குக் காத்திருக்கிறவள்போல் வள்ளித்தாய் கூரையைப் பார்த்தாள். பிறகு, “சரி, எம்மவளயாவது படிக்க வையும்” என்று சொல்லி ஆமென் போட்டாள்.

மிஸ்ஸியம்மா முகமெல்லாம் மலர்ந்து எழுந்தார்.

“லேயாளே, நீர் இப்பொழுது மிகவும் மரியாதையாக ஜெபிக்கிறீர்” என்று சொல்லி, நூற்றுக்குத் தொண்ணூறு போட்டார்.