பம்ப் நல்லாப் பாடுது

என் அண்ணனைத் தெருவே டாக்டர் என்றுதான் கூப்பிடும். படித்தது எட்டாவது. எஞ்சின் மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினால் போதும், கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். அந்தப் பெருமையில் தலைகால் புரியாமல் ஆடுவான். கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டான். திமிர் என்று அண்ணி திட்டுவாள். நானும் ஒத்து ஊதுவேன்.

தண்ணீர் கேன் போடுவது என் தொழில். ஒரு மாதமாக என் பழைய பிக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். பத்து நிமிஷம் ஆறினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். இரண்டு முறை அண்ணனிடம் கொண்டுபோனேன். சாவியைப் போட்டதும் பெட்ரோல் தொட்டிக்குள் இருக்கும் பம்ப் இரண்டு விநாடி முனகும். அவன் தொட்டிக்கடியில் படுத்து அதைக் கேட்டு, "பம்ப் நல்லாப் பாடுது" என்பான். ஃபில்டரை மாற்றி அனுப்பிவிடுவான்.

மூன்றாவது முறை வண்டி ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் நடுவில் நின்றது.

பின்னால் நாற்பது கேன். மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. கேட்காரர் கத்துகிறார். சாவியைத் திருகத் திருக எஞ்சின் இருமியதே தவிரப் பிடிக்கவில்லை. முன்பின் தெரியாத நாலு பேர் ஓடிவந்து தள்ளினார்கள். பின்சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டியபோது வளைவில் ரயில் தெரிந்தது.

வண்டி ஆறியதும் நேரே அண்ணன் பட்டறைக்குப் போனேன். வண்டி மறுபடி நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னேன். அண்ணன் வழக்கம்போல் அடியில் போய்ப் படுத்தான்.

"சாவியப் போடு பாப்பா!"

நாற்பது வயதிலும் நான் அவனுக்குப் பாப்பாதான். அவசரத்தில் சாவி நழுவி சீட்டுக்கடியில் விழுந்தது. குனிந்து துழாவிக்கொண்டிருந்தேன்.

"ம்… நல்லாப் பாடுது. பம்புல ஒண்ணுமே இல்ல" என்றான் அடியிலிருந்து.

அப்போதுதான் சாவி கையில் பட்டது. இறங்கிப் போய் அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"அண்ணா, நான் இன்னும் சாவியே போடல."

சாவியையே பார்த்தான். வெளியே வரவில்லை.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஒரு வருஷம் இருக்கும். பக்கத்துல பேசினா கேக்குது. சின்னச் சத்தம்தான் கேக்கல." குரல் இறங்கியது. "வெளிய தெரிஞ்சா எவன் வண்டிய விடுவான், சொல்லு?"

"ரயில் வந்துச்சு அண்ணா" என்றேன். அடித்துவிடலாம் போல் இருந்தது.

எழுந்து வந்தான். காது இல்லாதவனுக்குத்தான் இதெல்லாம் என்று கேலி பேசி மூலையில் போட்டிருந்த, பெட்ரோல் அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜை எடுத்து உறையைக் கிழித்தான். பெட்ரோல் குழாயில் மாட்டி எஞ்சினை ஓடவிட்டான். முள் ஏறி அசையாமல் நின்றது. அவன் கண்ணும்தான். கால் மணி நேரம் கழித்து, சூடு ஏறியதும், முள் நடுங்கி மெல்ல இறங்கியது. எஞ்சின் அணைந்தது. பம்புக்குப் போகும் ஒயரில் சோதனை விளக்கை வைத்து என்னைச் சாவி போடச் சொன்னான். எரிந்தது.

"கரண்ட் வருது. பம்ப்தான் தள்ளல" என்றான். "மூணு தடவையும் இதேதான். நான்தான்..." முடிக்கவில்லை.

பேட்டரி ஒயரைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, தொட்டிக்கு ஜாக்கி கொடுத்தான். ஒரு போல்ட் துருவேறி அசைய மறுத்தது. சுத்தியலால் ஒரு தட்டு தட்டலாம். ஆனால் பட்டறை முழுக்கப் பெட்ரோல் நெடி, ஒரு பொறி போதும். எண்ணெய் விட்டு, இம்மி இம்மியாகத் திருப்பினான். ஒருவழியாகக் கழன்றது. வெளியே வந்த பம்பின் சல்லடை சேறு அடைத்துக் கறுத்திருந்தது.

புது பம்பும் புது ரப்பர் வளையமும் போட்டுத் தொட்டியை ஏற்றினான். இந்த முறை என்னை அடியில் உட்காரவைத்து அவனே சாவி போட்டான்.

"கேக்குதா?"

"கேக்குது."

அரை மணி நேரம் ஓடவிட்டும் முள் இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு டாக்ஸி வந்து நின்றது. "டாக்டர், வண்டியில ஏதோ சத்தம். கொஞ்சம் காது குடுத்துப் பாருங்க."

அண்ணன் என்னைப் பார்த்தான்.

"எனக்குக் காது சரியாக் கேக்கலங்க" என்றான். "ஒரு வருஷமா மறைச்சிட்டேன்."

டாக்ஸிக்காரர் சிரித்தார். அண்ணன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். "சரி, இன்னொரு நாள் வர்றேன்" என்று கிளம்பிவிட்டார். காலையிலிருந்து பொங்கிய கோபமெல்லாம் வடிந்து, எனக்கு அழுகை வந்தது.

"போனா போகட்டும் அண்ணா."

"அத விடு. தெருமுனையில பிரேக் போட்டானே, சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு. இரும்பும் இரும்பும் உரசுற சத்தம்."

சொல்லி முடிப்பதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டான். பெரிய ரோட்டில் ஏற இடம் பார்த்து நின்ற டாக்ஸியின் முதுகில் ஓங்கித் தட்டினான். டாக்ஸிக்காரர் கண்ணாடியை இறக்கினார்.

"பிரேக் கட்டை தேஞ்சுடுச்சு, இறங்குங்க!"

"காது கேக்கலன்னீங்க?"

"எனக்குக் கேக்கல" என்றான் மூச்சு வாங்க. "என் தங்கச்சிக்குக் கேட்டுச்சு."