பசியோடு வாருங்கள்

சோல்ஃப்ரிட் ஓஸ்லோவுக்குப் பக்கத்து மோஸ் நகரத்தில் பேருந்து ஓட்டுகிறாள். நிறுத்தங்களின் பெயரைச் சொல்ல வண்டியில் ஒரு பதிவுக்குரல் உண்டு. அதை அணைத்துவிட்டுத் தானே சொல்வாள். மருத்துவமனை நிறுத்தத்தில், நல்லபடியாகத் திரும்பி வாருங்கள் என்று சேர்த்துக்கொள்வாள். இதைப் பற்றி யாரோ புகார் எழுதினார்கள். பிறகு வேறு யாரோ அந்தப் புகாரைப் பற்றிப் புகார் எழுதினார்கள். விஷயம் அத்தோடு போயிற்று.

வயது ஐம்பத்தெட்டு. அவள் கணவன் ஒரு வசந்தத்தில் ஸ்பெயினுக்குப் போனான். வருகிறேன் என்று சொன்னான், வரவில்லை. விவாகரத்தின்போது கேரவன் வண்டி மட்டும் போதும் என்று வாங்கிக்கொண்டாள். ஒரு ஆணுக்காக ஜன்னலோரம் நின்றது ஒரு பிறவிக்குப் போதும் என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் மூவரும் கோபன்ஹேகன் போவோம். சோல்ஃப்ரிட், கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கும் நான், பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற குட்னி. பிற்பகலில் ஓஸ்லோவில் கப்பல் ஏறினால் மறுநாள் காலை அங்கே. மாலையில் அதே கப்பல் திரும்பிவிடும். அங்கே பன்றி இறைச்சி எங்கள் ஊரைவிட மலிவு, அதனால் எங்களுக்கு அந்த ஊர் என்பது துறைமுகத்திலிருந்து இறைச்சிக்கடை வரைதான். கப்பலில் நடனம் ஆடத்தான் போகிறோம், ஊர் நடுவில் வருகிறது, அவ்வளவுதான் என்று குட்னி சொல்வாள்.

போன நவம்பரில் அப்படி இல்லை. ப்ரேபன் இருந்தார்.

ப்ரேபன் கோபன்ஹேகனில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. கோடையில் ஸ்வீடன் கடற்கரையில் அவருடைய கூடாரம் காற்றில் சாய்ந்தது. சோல்ஃப்ரிட் மழைக்கோட்டோடு இறங்கிப் போய் முளைகளை அடித்துக் கொடுத்தாள். முளைகள் நிற்கவில்லை. மழையும் நிற்கவில்லை. இரண்டு பேரும் அவளுடைய கேரவனில் உட்கார்ந்து பகடை உருட்டினார்கள். தோற்ற ஆட்டத்துக்கெல்லாம் அவர் பாத்திரம் கழுவினார்.

அதிலிருந்து குறுஞ்செய்திகள். அவருடைய டேனிஷ் மொழி, எழுதிப் பார்த்தால் எங்கள் மொழி மாதிரியேதான். பேசினால்தான் சூடான உருளைக்கிழங்கை வாயில் போட்டுக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும். இவர்கள் எழுதிக்கொண்டே இருந்ததால் சிக்கல் வரவில்லை. கடைசிச் செய்தி இது: "சனிக்கிழமை ஃப்ரோகோஸ்ட் என்னோடு. கால்வாய் ஓரம், நிலவறை உணவகம். பசியோடு வாருங்கள்."

ஃப்ரோகோஸ்ட் என்றால் காலைச் சாப்பாடு. கப்பலில் எல்லோரும் தட்டை நிரப்பிக்கொண்டு வரும்போது சோல்ஃப்ரிட் வெறும் காபியோடு உட்கார்ந்திருந்தாள். புது நீலக் கோட்டு. கண்ணாடி ஜன்னலில் பல்லைப் பார்த்துக்கொண்டாள்.

"ஒரு முட்டையாவது தின்னுடி," என்றாள் குட்னி. "பசி மயக்கத்துல அவர் மேலயே விழுந்து வைக்கப்போற."

"விழுந்தா உனக்கென்ன?"

குட்னி அவள் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

கால்வாய் ஓரம் நிலவறைக்கு இறங்கும் படிகள் சுலபமாகக் கிடைத்தன. கதவு பூட்டியிருந்தது. உள்ளே நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவன் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினான், கையையும் ஆட்டினான். இன்றைக்குக் கடை இல்லை என்று எடுத்துக்கொண்டோம்.

இருந்தும் நின்றோம். கால்வாயிலிருந்து வந்த காற்று கோட்டுக்குள் புகுந்தது. தாடி வைத்த ஒருவர் நாயோடு வந்தபோது சோல்ஃப்ரிட் நிமிர்ந்தாள். அவர் போய்விட்டார். மிதிவண்டியில் ஒருவர் வந்தார். அவரும் போய்விட்டார். லிஃப்டில் மாட்டிக்கொண்டிருப்பார் என்று குட்னி சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கலாமே என்றேன்.

"வேண்டாம்," என்றாள் சோல்ஃப்ரிட். "இனிமே கூப்பிட்டுக் கெஞ்சுறதெல்லாம் என்னால ஆகாது."

தொலைபேசியை அணைத்து என் பையில் போட்டாள். பிறகு வேகமாக நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். டேனிஷ்காரர்கள் எல்லோரும் இப்படித்தான், நானூறு வருஷம் எங்களை ஆண்ட திமிர் என்று வழி முழுக்கக் குட்னி திட்டிக்கொண்டு வந்தாள். இறைச்சிக்கடை வாசலில் நின்ற சோல்ஃப்ரிட், உள்ளே போகாமல் எதிரே இருந்த சாசேஜ் வண்டிக்குப் போனாள்.

சிவப்புச் சாசேஜ் இரண்டு கேட்டாள். பொரித்த வெங்காயம், கடுகுச்சாறு, எல்லாம். முதலாவதை நின்ற நிலையிலேயே முடித்தாள். வண்டிக்காரப் பெண் அதை ரசித்துப் பார்த்தாள்.

"மணி பதினொண்ணுகூட ஆகல. அதுக்குள்ள ஃப்ரோகோஸ்ட்டா?"

சோல்ஃப்ரிட் இரண்டாவது சாசேஜை வாயில் வைத்தபடி நின்றாள். குட்னி என்னைப் பார்த்தாள். நான் குட்னியைப் பார்த்தேன்.

பள்ளியில் எங்களுக்குச் சொல்லித்தந்த விஷயம் இது. டேனிஷ்காரர்களுக்கு ஃப்ரோகோஸ்ட் என்றால் மதியச் சாப்பாடு. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். மூன்று பேரும் சேர்ந்தாற்போல் மறந்திருந்தோம்.

அவசரமாகப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்துக் கொடுத்தேன். அணைத்ததைத் திரும்பப் போட்டதும் ப்ரேபனின் செய்தி வந்தது. ஜன்னலோர மேசை பிடித்துவிட்டார். பன்னிரண்டுக்கு அங்கே இருப்பாராம்.

அவள் நகரவில்லை. கோட்டில் கடுகுச்சாறு தெறித்திருந்தது. காலையிலிருந்து மனசுக்குள் அந்த மனுஷனைப் பேசாத பேச்செல்லாம் பேசியாயிற்று, எந்த முகத்தோடு போவது என்றாள். வயிறும் நிறைந்துவிட்டது என்றாள்.

"அவர் உன் வயித்தப் பாக்கக் கூப்பிடலடி," என்றாள் குட்னி. கைக்குட்டையில் எச்சில் தொட்டுக் கோட்டைத் துடைத்தாள். பல் மருத்துவரிடம் இருந்த பழக்கம், துடைத்து முடிக்கும்வரை ஆளை அசையவிடவில்லை.

ப்ரேபன் படிகளின் மேலேயே நின்றுகொண்டிருந்தார். டை கட்டியிருந்தார். தலை ஈரத்தோடு வாரியிருந்தது. எங்களையும் விடாமல் உள்ளே அழைத்துப் பக்கத்து மேசையில் உட்காரவைத்தார். சோல்ஃப்ரிட் முன்னால் கறுப்பு ரொட்டிமேல் ஹெர்ரிங் மீன் வந்தது. அடுத்து பொரித்த மீன். அடுத்து சூடான ஈரல் விழுது. பசியோடு வரச் சொன்னவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவள் எதையும் மீதி வைக்கவில்லை. நெற்றி வியர்த்தது. சாப்பிடுகிறவர்களைத் தனக்குப் பிடிக்கும் என்றார் அவர். பாலாடைக்கட்டிக்குச் சொன்னார்.

குட்னிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என்னவென்று அவர் திரும்பிப் பார்த்தார்.

சோல்ஃப்ரிட் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். பூட்டிய கதவு, காற்று, திட்டினது, சாசேஜ், எல்லாவற்றையும் பேருந்தில் நிறுத்தம் சொல்லும் அதே குரலில் ஒன்று விடாமல் சொன்னாள். பக்கத்து மேசைக்காரர்களும் கேட்டார்கள்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"காலையிலேருந்து எனக்காக நின்னீங்களா?"

"நின்னேன். அப்புறம் போயிட்டேன்."

"திரும்பி வந்தீங்க."

"வந்தேன்."

பாலாடைக்கட்டி வந்தது. அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அப்போதுதான் அவள் சிரித்தாள். அதன்பிறகு அவர்கள் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. குட்னி காதை நீட்டிப் பார்த்தும் கேட்கவில்லை.

துறைமுகம்வரை அவரும் வந்தார். இந்த முறை பன்றி இறைச்சி வாங்கவில்லை, யாருக்கும் நினைவும் இல்லை. கப்பல் வாசலில் கூட்டம் நெருக்கியது. அடுத்த மாதம் மோஸுக்கு வரலாமா என்று அவர் கேட்டார். வாருங்கள், சனிக்கிழமை ஃப்ரோகோஸ்ட்டுக்கு என்றாள் சோல்ஃப்ரிட்.

"எந்த ஃப்ரோகோஸ்ட்டுன்னு தெளிவாச் சொல்லுடி," என்றாள் குட்னி.

"எங்க ஊரு ஃப்ரோகோஸ்ட். காலையில எழுந்ததும் சாப்பிடுறது."

ப்ரேபன் கொஞ்சம் யோசித்தார். காலையில் மோஸில் சாப்பிட வேண்டுமென்றால் முதல்நாளே வந்து சேர வேண்டும். அவருடைய காது சிவந்தது.

"வெள்ளிக்கிழமையே வந்துடறேன்," என்றார்.

சோல்ஃப்ரிட் தலையசைத்துவிட்டுக் கப்பல் ஏறினாள். அன்று கப்பலில் ஆட எங்களை அவள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.